எலும்பு கிடைத்தால் மட்டும் போதாது

எல்லாருக்கும் வணக்கம். போரில் இறந்து, உடல் வீடு வந்து சேராத சிப்பாய்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த விஷயத்தை எடுத்தாலே "அதான் டி.என்.ஏ. இருக்கே, ஒரு துண்டு எலும்பு கிடைத்தால் வேலை முடிந்ததே" என்று யாராவது சொல்வார்கள். முடியாதுங்க. பல சமயம் கஷ்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வேலைக்கென்றே தனி அமைப்பும், ஹவாயில் பெரிய ஆய்வுக்கூடமும் வைத்திருக்கிற நாடு அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கி அதற்குப் பின் நடந்த போர்களையும் சேர்த்து அவர்கள் கணக்கில் இன்னும் வராதவர்கள் 80,000க்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் கடலோடு போனவர்கள். அவர்களில் பெரும்பாலானோரை இனி மீட்க வழியில்லை.

ஆனால் கையிலேயே இருந்தும் பெயர் சொல்ல முடியாமல் போன கதை ஒன்று உண்டு. 1941 டிசம்பர் 7, ஹவாயில் பேர்ல் துறைமுகத்தின் மேல் ஜப்பான் நடத்திய தாக்குதலில் ஓக்லஹோமா என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கவிழ்ந்து 429 பேர் இறந்தார்கள். கப்பலை நிமிர்த்தி உடல்களை எடுத்து முடிக்கவே 1944 ஆகிவிட்டது, அதற்குள் எல்லாம் எலும்பாகி ஒன்றோடொன்று கலந்துவிட்டது. அடையாளம் கண்டது வெறும் 35 பேரை. மற்றவர்களை "அடையாளம் தெரியாதவர்" என்று ஹோனலுலுவில் அடக்கம் செய்துவிட்டார்கள். 2003இல் ஒரே ஒரு சவப்பெட்டியைத் தோண்டித் திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது கிட்டத்தட்ட நூறு பேருடைய எலும்புகள்! ஒரு பெட்டி, நூறு பேர். 2015இல் மீதிப் பெட்டிகளையும் வெளியே எடுத்து ஆறு வருடம் உட்கார்ந்து பிரித்தார்கள், 350க்கும் அதிகமானவர்களுக்குப் பெயர் கிடைத்தது. 33 பேருக்குக் கிடைக்கவில்லை, 2021 டிசம்பர் 7 அன்று அவர்களைத் திரும்பவும் அதே மயானத்தில் வைத்தார்கள்.

சரி, டி.என்.ஏ. ஏன் உடனே சொல்லிவிடாது? பழைய எலும்பில் ஓரளவு தாக்குப்பிடித்து நிற்பது மைட்டோகாண்ட்ரியா என்ற, செல்லுக்குள் இருக்கிற சின்ன உறுப்பின் டி.என்.ஏ.தான், அது தாய் வழியாக மட்டும் வரும். அதாவது இறந்தவருக்குச் சொந்த மகனே இருந்தாலும் இந்தச் சோதனைக்கு அவர் உதவ மாட்டார்; கூடப்பிறந்தவர்கள் வேண்டும், இல்லாவிட்டால் அக்கா தங்கையின் பிள்ளைகள், இல்லாவிட்டால் அந்த அக்கா மகளுடைய பிள்ளைகள். பத்தொன்பது வயதில் செத்த பையனுக்கு எண்பது வருடம் கழித்து அப்படி ஒரு சொந்தத்தைத் தேட வம்சாவளி தேடிக் கண்டுபிடிக்கிற ஆட்களைத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஓக்லஹோமாவில் உடன்பிறந்தவர்கள் வேறு சேர்ந்து வேலை பார்த்தார்கள், ஒரே வீட்டு அண்ணன் தம்பி மூன்று பேர்கூட இறந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தாய்வழியும் ஒன்று, தந்தைவழியும் ஒன்று. அங்கே பல்லையும் எலும்பின் வளர்ச்சியையும் பார்த்துத்தான் யார் மூத்தவர் யார் இளையவர் என்று பிரிக்க முடியும்.

கொரியப் போரில் இறந்தவர்கள் கதை இன்னும் விசித்திரம். உடல்களை ஜப்பானுக்குக் கொண்டுவந்து, கெடாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் மருந்து போட்டார்கள். அந்த மருந்து டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிட்டது, பல வருடம் ஒன்றும் தேறவில்லை. அப்போது கைகொடுத்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், படையில் சேரும்போது காசநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே! அதில் கழுத்துக்குக் கீழே இருக்கிற காரை எலும்பு தெளிவாக விழும், அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். யாரோ குப்பை என்று தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய படங்கள் அவை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் விஞ்ஞானிக்குச் சமமாகக் கோப்பு அறைக் குமாஸ்தாவுக்கும் மாலை போட வேண்டும்.

காகிதம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மைக்கேல் பிளாஸி சாட்சி. 1972இல் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி. சில மாதம் கழித்து ஆறு எலும்பும் அவருடைய அடையாள அட்டையும் கிடைத்தன, அட்டை வழியிலேயே காணாமல் போனது. அப்புறம் எலும்பை அளந்தவர்கள் உயரமும் வயதும் ஒத்துவரவில்லை என்று பெயரையே எடுத்துவிட்டார்கள். 1984இல் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில், அடையாளம் தெரியாமல் போன எல்லாருக்கும் பிரதிநிதியாக, வியட்நாம் போரின் "பெயர் அறியாத வீரர்" என்று ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது அந்த ஆறு எலும்புகள்தான். குடும்பம் விடாமல் கேட்க, 1998இல் தோண்டி எடுத்தார்கள், டி.என்.ஏ. அம்மாவோடும் அக்கா தங்கையோடும் ஒத்துப்போனது. பெயர் தெரியாதவராக ஒருவரை வைத்தே ஆக வேண்டும் என்ற அவசரம் இருந்தது, அதனால் வந்த வினை என்பது என் கருத்து. அந்தக் கல்லறையை அதன்பின் காலியாகவே விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பெயர் உறுதியானதும் குடும்பத்திடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பின்னால் இவருடைய வேறு எலும்பு கிடைத்தால் உங்களுக்குச் சொல்லவா, வேண்டாமா? கலந்து கிடந்தவர்கள் விஷயத்தில் அது நடக்கக்கூடியதுதான். இறுதிச் சடங்கு முடித்த வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு விரல் எலும்பு பற்றித் தகவல் வந்தால்? என்ன பதில் எழுதினாலும் அது சரியான பதில்தான், ஆனால் எழுதுவதற்கு முன்னால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.