நெல் விற்காத ஊரிலிருந்து காலி பாட்டிலோடு வந்திருக்கிறேன்

வணக்கம், எல்லாரும் நலமா? குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் மலைப் பனியில் விடியற்காலை எழுந்து நின்றதில் தொண்டை கட்டிவிட்டது. நேற்று இரவுதான் வீடு திரும்பினேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் இதை இன்றைக்கே பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் பின்னால் அந்த அலமாரி தெரிகிறதா? பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் அரிசி கால் கிலோ வாங்கி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி வைத்துவிடுவேன். முப்பத்தொரு பாட்டில் சேர்ந்திருக்கிறது. மேல்தட்டின் மூலையில் இருக்கிற சிவப்பரிசி பாலியில் ஜாதிலுவியில் வாங்கியது. இதோ, கையில் இருப்பது முப்பத்திரண்டாவது. 'சிப்தாகெலார்' என்று கிளம்புவதற்கு முன்பே எழுதி ஒட்டிவிட்டேன். உள்ளே பாருங்கள், ஒன்றும் இல்லை. அந்த ஊரில் அரிசியை விற்கமாட்டார்கள். எந்த விலைக்கும் விற்கமாட்டார்கள்.

அங்கிருந்தே ஒரு சின்ன வீடியோ போட்டேன் அல்லவா, அதற்குக் கீழே சிலர் எழுதியதைப் படித்தேன். "ஒரு கைப்பிடி எடுத்துப் பையில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்?" என்று. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நம்மை நம்பி அடுப்படி வரை உட்காரவைத்துச் சோறு போடுகிற வீட்டில் அப்படிச் செய்வீர்களா? அந்த எண்ணமே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் அது என்ன ஊர், அங்கே நெல் என்றால் என்ன என்று முழுசாகச் சொல்லப் போகிறேன்.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா, சுக்காபூமி மாவட்டம். சுண்டானியர்கள் வாழும் பகுதி. குனுங் ஹாலிமூன் சாலாக் தேசியப் பூங்காவின் காட்டுக்குள்ளே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது சிப்தாகெலார். 'கசெப்பூஹான்' என்று சொல்கிறார்கள். 'செப்புஹ்' என்றால் மூத்தவர். மூத்தோர் வகுத்த வழக்கப்படி வாழும் சமூகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1368-இலிருந்து தங்கள் கணக்கு ஓடுகிறது என்கிறார்கள். 2018-இல் 650-ஆவது அறுவடை விழாவைக் கொண்டாடினார்கள். அந்த விழாவுக்கு 'செரென் தாவுன்' என்று பெயர்.

இன்னொன்று, ஊர் இதே இடத்தில் 650 ஆண்டு இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முன்னோரிடமிருந்து 'வங்சித்' வரும்போது, அதாவது வாக்கு வரும்போது, தலைவரும் பெரிய வீடும் வேறு இடத்துக்கு மாறுவார்கள். இதற்கு முன்பு சிப்தாராசாவில் இருந்தார்கள். சிப்தாகெலாருக்கு 2000-ஐ ஒட்டித்தான் வந்தார்கள். தலைவரை 'அபா' என்று அழைக்கிறார்கள். 2007-இல் அபா உகி தலைவரானார்.

சரி, போன கதை. போகோரிலிருந்து பேருந்தில் பெலாபுஹான் ராத்து. கடலோர ஊர், பெயருக்கு ராணியின் துறைமுகம் என்று பொருள். அங்கே மீன் நன்றாக இருக்கும். அதைப் பேச ஆரம்பித்தால் முடியாது, விடுங்கள். அங்கிருந்து மலைக்கு ஜீப் இல்லாவிட்டால் ஒஜெக். ஒஜெக் என்றால் வாடகை பைக், ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்து போவது. நான் ஒஜெக் பிடித்தேன். இரண்டு லட்சம் ரூபியா என்று பேசினோம். நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம். இரண்டு முறை கேட்டு உறுதி செய்தேன், விரல் காட்டியும் கேட்டேன். நான் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும். பாதி மலை ஏறியதும் வண்டியை நிறுத்தினார். மூன்று லட்சம் என்றார். சுற்றிலும் தேயிலைச் செடியும் மூடுபனியும், ஒரு மனிதர் இல்லை. இறங்கி நிற்கிறேன்.

எனக்கு உலகத்தில் பிடிக்காத ஒன்று இருக்கிறது என்றால் அது பாதி வழியில் விலை ஏற்றுவது. தொடங்கும்போது நான்கு லட்சம் சொல்லுங்கள், பிடித்தால் வருவேன், இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பேன். நடுக்காட்டில் வைத்துப் பேசுவது பேரம் ஆகாது. அரைமணி நேரம் நின்றோம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தோனேசிய மொழியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் சாலையைக் காட்டினார். சாலை என்பது தலை அளவு கற்களைக் கொட்டி வைத்த ஏற்றம், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் இரண்டரை லட்சத்துக்கு ஒத்துக்கொண்டோம். அதற்கப்புறம் மூன்று இடத்தில் நான் இறங்கி நடந்தேன், அவர் வண்டியைத் தள்ளினார். அந்த ஐம்பதாயிரம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. பணத்துக்காக இல்லை, பேசிய பேச்சு மாறியதற்காக.

அந்த மனநிலையோடுதான் 'இமா கெடே'யில் நுழைந்தேன். இமா கெடே என்றால் பெரிய வீடு. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அங்கேதான் போகவேண்டும். வாசலில் "புந்தென்" என்றேன், அனுமதி கேட்கிற சொல். உள்ளேயிருந்து "மங்கா" என்று பதில். இந்தோனேசிய மொழியில் மங்கா என்றால் மாம்பழம், நம் மாங்காயிலிருந்து போன சொல். ஆனால் சுண்டானிய மொழியில் இந்த 'மங்கா' வேறு. 'வாங்க, ஆகட்டும்' என்று பொருள். யாரும் என்னை எத்தனை நாள், எவ்வளவு தருவாய் என்று கேட்கவில்லை. பையை வாங்கி வைத்தார்கள், இடுப்பில் கட்டிக்கொள்ள 'சம்பிங்' துணி கொடுத்தார்கள், சோறு வந்தது.

அந்தச் சோறு! சிறிய மணி, கொஞ்சம் பிசுபிசுப்பு, விறகுப் புகையின் வாசம். கூட சம்பல், கருவாடு, பச்சையாகவே தின்கிற கீரைக் கொழுந்துகள். மூன்றாவது தடவை போட்டுக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம் போலப் பாட்டிலை எடுத்து, கால் கிலோ விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். பரிமாறிய அம்மா சிரித்தபடியே "பமாலி" என்றார்.

பமாலி என்றால் ஆகாது, செய்யக்கூடாது. அவர்களுக்கு நெல் என்பது ஞிய் பொஹாச்சி சங்ஹ்யாங் அஸ்ரி என்ற நெல் தெய்வம். அவள் உடலிலிருந்து முளைத்ததுதான் நெல் என்பது சுண்டானியக் கதை. தாயை எப்படி விலை பேசுவது? அரிசியை மட்டுமில்லை, நெல்லையும் விற்கக்கூடாது. ஆண்டுக்கு ஒரே போகம்தான். பூமியும் தாய், எந்தத் தாயும் ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் பிள்ளை பெறுவதில்லை என்கிறார்கள். உயரமான இடம், உள்ளூர் நெட்டை ரகங்கள், விளைய ஆறு மாதம் வரை ஆகும். அந்த ரகங்கள் மட்டும் நூற்றுக்கும் மேலே வைத்திருக்கிறார்கள்.

ஒரு போகத்தில் என்ன மிஞ்சும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மறுநாள் 'லெயிட்' காட்டினார்கள். நெற்களஞ்சியம். மரக்கால்கள் மேலே நிற்கிற சின்ன வீடு, கீழே குறுகி மேலே அகன்று, பனைநாரைப் போன்ற கறுப்பு நார்க் கூரை. அந்த நார் 'ஆரென்' பனையிலிருந்து வருவது, 'இஜுக்' என்பார்கள். கதவு உச்சியில் இருக்கும், ஏணி போட்டுத்தான் ஏறவேண்டும். நெல்லை உதிர்ப்பதில்லை. கதிரைத் தாளோடு அறுத்து, கட்டாகக் கட்டி, மூங்கில் கம்பங்களில் தொங்கவிட்டுக் காயவைத்து, அப்படியே கட்டுக் கட்டாக அடுக்குகிறார்கள். நான் போன நாட்களில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டு பழைய நெல் அடியில் இருக்கிறது, கெடுவதில்லை. லெயிட்டுகளை வீடுகளிலிருந்து தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், வீட்டில் தீப்பிடித்தாலும் நெல் தப்பிக்கும். ஊர் முழுவதுக்கும் பொதுவாக ஒன்று உண்டு, 'லெயிட் சி ஜிமாத்'. இல்லாதவர் அதில் வாங்கி, விளைந்ததும் திருப்பி வைப்பார்.

அறுவடைக் கத்தியைச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். அரிவாள் கிடையாது. 'எத்தெம்' என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கத்தி. விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதிராகக் கொய்வார்கள். நெல்லுக்கு நோகக்கூடாது, அவள் பயந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம்.

அரிசி ஆலையும் கிடையாது. அதுவும் பமாலி. பெண்கள் கூடி 'லிசுங்'கில் குத்துகிறார்கள். படகு போல நீளமாகக் குடைந்த மர உரல். உலக்கைக்கு 'ஹாலு' என்று பெயர். நான்கு பேர் எதிரெதிரே நின்று குத்தும்போது ஒரு தாளம் வருகிறது. என்னையும் கூப்பிட்டார்கள். முதல் நாள் என் உலக்கை பக்கத்து உலக்கையில் இடித்தது, நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் உலக்கையைப் பார்க்காமல் எதிரில் நின்ற அம்மாவின் தோளை மட்டும் பார்த்தேன். பிடிபட்டுவிட்டது! ஒரு சுற்று, இரண்டு சுற்று, உமி பறக்கிற வரை விடாமல் குத்தினேன். அந்த அம்மா "தெத்தே!" என்று கத்தினார். தெத்தே என்றால் அக்கா. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையைப் பாருங்கள், இரண்டு கொப்புளம். இதை வெட்டாமல் முழுசாகத் தனி வீடியோவாகப் போடுவேன், யாரும் நீளம் என்று சொல்லக்கூடாது.

குத்திப் புடைத்த அரிசியை நேராக வடிப்பதில்லை. 'அசெயுப்பான்' என்ற கூம்பு வடிவ மூங்கில் கூடையில் போட்டுச் செம்புப் பானை ஆவியில் வேகவைத்து, மரத் தொட்டியில் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஆவியில் ஏற்றி, கடைசியில் விசிறியால் விசிறிக்கொண்டே கிளறுகிறார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு. அதனால்தான் அந்த ருசி.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். எப்போது விதைப்பது என்று அவர்கள் தேதி பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறார்கள். பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: "தங்கல் கெர்தி தூருன் பெசி, தங்கல் கிடாங் தூருன் குஜாங்." கெர்தி தோன்றினால் இரும்பை இறக்கு, அதாவது கருவிகளைத் தீட்டு. கிடாங் தோன்றினால் குஜாங் கத்தியை இறக்கு, வயல் வேலையைத் தொடங்கு. கெர்தி என்பது எது என்று கேட்டேன். சின்னச் சின்னதாக ஒரு கொத்து என்று விரல்களைக் குவித்துக் காட்டினார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம்முடைய கார்த்திகை! அப்போ கிடாங்? கிடாங் என்றால் மான். கார்த்திகைக்குக் கீழே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அந்தக் கூட்டம். நமக்கும் அந்தக் கூட்டத்தில்தான் மிருகசீரிடம், மான்தலை.

அங்கே மான், இங்கேயும் மான்.

அதைக் கண்ணால் பார்க்காமல் கிளம்புவதில்லை என்று முடிவு செய்தேன். முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் நாலரை மணிக்கு எழுந்தேன், மூடுபனி, கை நீட்டினால் கை தெரியவில்லை. மூன்றாம் நாளும் மேகம். நான்காம் நாள் விடியலில், ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், கிழக்கே திறந்துவிட்டது. மேலே கார்த்திகைக் கொத்து, கீழே மலைக்கு மேல் கிடாங். லெயிட் கூரைகள் கறுப்பாக முன்னால். கேமராவில் ஏழு நிமிடம் இருக்கிறது.

அந்தப் பழமொழிக்கு மூன்றாவது வரியும் உண்டு, அதை விட்டுவிட்டேன். "தீலெம் கிடாங் தூருன் குங்காங்." கிடாங் மறைந்தால் குங்காங் இறங்கும். குங்காங் என்பது நம் ஊரில் கதிர் நாவாய்ப்பூச்சி என்கிறோமே, பால் பிடிக்கிற கதிரை உறிஞ்சுவது, அதேதான். மான் மறைகிற காலத்துக்குள் கதிர் வயலில் இருக்கக்கூடாது, அறுத்து முடித்திருக்கவேண்டும். அபா சொன்னால் இந்தக் கசெப்பூஹானைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான குடியிருப்புகளிலும் ஒரே காலத்தில் விதைக்கிறார்கள், ஒரே காலத்தில் அறுக்கிறார்கள். மீதி மாதங்களில் பூச்சிக்குத் தின்ன நெல்லே இல்லை. பூச்சிமருந்து இல்லாமல் எப்படி என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். ஒரு போகம் என்பது தாய்க்கு ஓய்வு, பூச்சிக்குப் பட்டினி.

இதையெல்லாம் கேட்டு 'பாவம், உலகம் தெரியாத ஜனங்கள்' என்று யாராவது எழுதினால் நான் பதில் போடுவேன். அங்கே மின்சாரம் இருக்கிறது. ஆற்று நீரில் ஓடுகிற சிறிய டர்பைன்கள், தொண்ணூறுகளின் இறுதியிலேயே தொடங்கிவிட்டார்கள். தங்களுக்கென்று டிவி நிலையமே வைத்திருக்கிறார்கள், சிகா டிவி, 2008 முதல். அபா உகிக்கே எலக்ட்ரானிக்ஸில் கைத்திறமை உண்டு. டிவி வரலாம், போன் வரலாம். நெல்லுக்கு மட்டும் இயந்திரம் கூடாது. எது வரலாம், எது கூடாது என்று அவர்களே உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

கிளம்புகிற நாள் பெரிய வீட்டில் ஒரு உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஹாத்தூர் நுஹுன்" என்றேன், நன்றி. வழிக்கு இலையில் சோறு மடித்துக் கொடுத்தார்கள். இந்த முறை ஜீப்பில் இறங்கினேன். பெலாபுஹான் ராத்து கடற்கரையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பாட்டிலில் வேறு எதையும் போடப் போவதில்லை. பெயர்ச்சீட்டோடு இப்படியே, ஜாதிலுவிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இதோ. நட்சத்திர வீடியோ நாளை இரவு வரும், உலக்கை வீடியோ அதற்கடுத்து. கார்த்திகையை முதலில் யார் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், வலது பக்கக் கூரைக்கு மேலே பாருங்கள்.