வெங்கச்சங்கல்லில் தங்கத்தின் தடம்

வணக்கம். தங்கம் தேடப் போகிறவர் பாறையில் மஞ்சளாக ஏதாவது மின்னுகிறதா என்றுதான் பார்ப்பார் என்று நினைப்போம். அப்படி மின்னுவது பெரும்பாலும் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாகத்தான் இருக்கும். ஒரு டன் பாறையில் 5 கிராம் தங்கம் இருந்தாலே நல்ல தரம், அது கண்ணில் படாது. கண்ணில் படுவது, பாறையின் நடுவே வெள்ளைக் கோடாக, நரம்பு போல ஓடும் குவார்ட்ஸ், நம்ம வெங்கச்சங்கல். அதைத்தான் படிக்க வேண்டும்.

எல்லா வெள்ளைக் கல்லும் ஒன்றல்ல. பால் போல ஒரே வெள்ளையாக, வரியே இல்லாமல் பருத்துக் கிடப்பதில் பல நேரம் ஒன்றும் இருக்காது. ஆழத்தில் உருவான தங்க நரம்புகள் பலவற்றில் மெல்லிய கருப்பு வரிகள் அடுக்கடுக்காக ஓடும். இந்த வரிகள் வருவது இப்படித்தான்: பாறை விரிசல் விடும், மூடும், மறுபடி விரியும். ஒவ்வொரு முறையும் பூமிக்கடியிலிருந்து புது வெந்நீர் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: தகடு தகடாக, குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் குவார்ட்ஸ். எரிமலைப் பகுதிகளில், தரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உருவான நரம்புகளில் பார்க்கலாம். குவார்ட்ஸ் தானாக அப்படித் தகடாக வளராது. அங்கே முதலில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் இருந்தது, பிறகு குவார்ட்ஸ் அதன் இடத்தைப் பிடித்தது, வடிவம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. சரி, அதில் என்ன விசேஷம்? மேலே ஏறிவரும் வெந்நீரில் அழுத்தம் குறைந்ததும் அது கொதித்து, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது. கார்பன் டை ஆக்சைடு போனதும் கால்சைட் தகடாகப் படிகிறது. ஹைட்ரஜன் சல்பைடும் கூடவே போய்விடுகிறது. தங்கத்தைக் கரைத்து வைத்திருந்ததே அந்த சல்பைடுதான்! அது போனால் தங்கம் அங்கேயே இறங்கிவிடும். அதனால் தகட்டைப் பார்த்தால் இங்கே நீர் கொதித்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். கொதித்த நீரில் தங்கம் இருந்ததா என்பது வேறு கேள்வி, அதற்கு ஆய்வகம்தான் பதில் சொல்லும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள், வேதியியலைச் சுருக்கிவிடுகிறேன். தங்கத்தை மட்டும் அளந்தால் ஏமாந்து போவோம், அது ஒரே நரம்பில்கூடச் சீராகப் பரவியிருக்காது. ஒரு துண்டில் நிறைய இருக்கும், பக்கத்துத் துண்டில் சுத்தமாக இருக்காது. கூடவே ஆர்சனிக், ஆன்டிமனி, பாதரசம் எல்லாம் அளக்க வேண்டும், இவை தங்கத்தைவிட அகலமாகப் பரவும். தரைக்கு அருகில் உருவான நரம்புகளில் ஆன்டிமனியும் பாதரசமும் தூக்கலாக இருந்து, தங்கம் குறைவாக இருந்தால், கொதித்த மட்டம் இன்னும் கீழே இருக்கக்கூடும். அந்த இடத்தைக் கைவிடும் முன் ஒரு துளையாவது ஆழமாகப் போட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.