வாயின் மூச்சும் ஏழு காடைகளும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

பழைய எகிப்து என்றதும் பிரமிடும் துணி சுற்றிய மம்மியும்தான் பலருடைய நினைவுக்கு வருகின்றன. அதனால் அம்மக்கள் வாழ்நாள் முழுவதும் சாவையே எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று கருதிவிடுகிறோம். அவர்களுடைய கல்லறை எழுத்துகளை மொழிபெயர்ப்புகளின் வழியாகப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிற எனக்கு, அந்தக் கருத்து அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகவே படுகிறது. சாவைக் காட்டிலும், இறந்த பிறகு தம் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போவதற்கே அவர்கள் அஞ்சினார்கள். இந்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

"மண்மீது வாழ்பவர்களே, இக்கல்லறையைக் கடந்து செல்பவர்களே" என்று வழிப்போக்கரை அழைக்கும் வாசகங்கள் எகிப்தியக் கல்லறைகள் பலவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கையில் உணவு இருந்தால் படையுங்கள். இல்லாவிட்டால், "ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பார்லி மது, ஆயிரம் எருது, ஆயிரம் பறவை இன்னாருக்கு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். இது வாயின் மூச்சுதானே, இதனால் உங்களுக்குக் களைப்பு ஏதுமில்லையே என்று சில கல்வெட்டுகள் கெஞ்சாத குறையாக எடுத்துச் சொல்கின்றன. பெயரோடு சேர்த்துச் சொன்ன சொல்லே இறந்தவருக்குச் சோறாகும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

உடலைக் கெடாமல் காத்ததும் இந்த நம்பிக்கையின் பகுதிதான். 'கா' என்னும் உயிராற்றலுக்கு உணவு வேண்டும். மனிதத் தலையுள்ள பறவையாக அவர்கள் வரைந்த 'பா' வெளியே பறந்து திரிந்துவிட்டுத் திரும்பிவந்து தங்க உடல் வேண்டும். உடலைப் பதப்படுத்தி அடக்கம் செய்ய 70 நாட்கள் என்பது வழக்கம். நாட்ரான் என்னும் உப்பில் இட்டு ஈரத்தை உறிஞ்சவைத்தார்கள். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனித்தனியே காத்தார்கள். மூளையை மூக்கின் வழியாக எடுத்து எறிந்துவிட்டார்கள். கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேசு மன்னரின் மூக்கினுள் மிளகு இருந்தது என்பதையும், அது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய மிளகு என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இத்தனையையும் எடுத்தவர்கள் இதயத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவைத்தார்கள். ஏனெனில், எண்ணமும் நினைவும் இதயத்தில் இருப்பதாக அவர்கள் கொண்டார்கள். இறந்தோர் உலகை ஆளும் ஓசிரிசு கடவுளின் முன்னிலையில் இறந்தவருக்கு நடக்கும் விசாரணையில், மாஅத் என்னும் நேர்மையின் இறகை ஒரு தட்டிலும் இதயத்தை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள். 42 தெய்வங்களின் முன் இறந்தவர் சொல்ல வேண்டிய வாசகங்களைக் கேளுங்கள்: நான் யாரையும் அழவைக்கவில்லை, அளவையைக் குறைக்கவில்லை, ஓடும் நீரை அணையிட்டு மறிக்கவில்லை, குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை. ஆற்றுநீரை நம்பி உழுத மக்களின் அறம் இது என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்குகிறது. ஆயினும் இதயம் உண்மையைச் சொல்லிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. ஆகவே பச்சைக் கல்லில் வண்டு வடிவம் செதுக்கி, அதன் தட்டையான அடிப்பக்கத்தில், "என் தாயிடமிருந்து நான் பெற்ற இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே" என்று பொறித்து, மம்மியின் மார்பில் வைத்தார்கள். வசதியுள்ளவர்கள் இத்தகைய மந்திரங்கள் அடங்கிய பாப்பிரசுச் சுருளையும் உடன்வைத்தார்கள். அச்சுருள்களில் சில, பெயருக்கு மட்டும் இடம்விட்டு முன்கூட்டியே எழுதி விற்கப்பட்டவை. இங்கும் பெயர்தான் முக்கியம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சொல்கிறேன். மேல் எகிப்து எனப்படும் தென்பகுதியில் காவ் என்னும் ஊரில் கிடைத்த அந்த மண் கிண்ணம் இப்போது லண்டனில் இருக்கிறது. 4,000 ஆண்டுகளுக்கும் பழையது. ஷெப்சி என்பவர் அதன் உட்புறத்தில் இறந்துபோன தம் தந்தைக்கும் வெளிப்புறத்தில் இறந்துபோன தம் தாய்க்கும் மையால் கடிதம் எழுதியிருக்கிறார். எழுதிய இடத்தைக் கவனியுங்கள்: படையல் உணவை வைக்கிற பாத்திரம் அது. உண்ண வருகிறவரின் கண்ணில் எழுத்து படாமல் போகாது.

அவருடைய குறை இதுதான். சோபெக்கோதெப் என்பவர் வேற்றூரில் இறந்தபோது, உடலைக் கொண்டுவந்து, சொந்த ஊர்க் கல்லறையில் துணியும் கொடுத்து அடக்கம் செய்தவர் ஷெப்சி. அவரோ இறந்த பின்னும் தமக்குத் துன்பம் தருவதாக ஷெப்சி நம்பினார். அவ்வுலகில் தமக்காகப் பேசத் தாயை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆனால் நேரே வழக்கைச் சொல்லாமல், தாய்க்குப் பழைய நாள் ஒன்றை நினைவூட்டுகிறார். "எனக்குக் காடை கொண்டுவா, தின்ன வேண்டும் என்று நீ கேட்டாய், உன் மகன் நான் ஏழு காடை கொண்டுவந்தேன், நீயும் உண்டாய்" என்கிறார். நேயர்களே, ஏழு காடைகள்! எண்ணிக்கை மறக்கவில்லை. தாய் ஆசைப்பட்டுக் கேட்டதும், தாம் கொடுத்ததும், அவள் உண்டதும் அந்த மகனின் நெஞ்சில் அப்படியே இருந்திருக்கின்றன. அடுத்து அவர் கேட்கிறார்: உன் கண்ணெதிரே உன் மகனுக்கு இப்படி நேரலாமா, எனக்கு ஒன்று ஆகிவிட்டால் உனக்கு நீர் வார்க்க யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நான் நின்றுவிடுகிறேன். அதில் உரிமையும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, பிள்ளையின் ஏக்கமும் இருக்கிறது. மன்னர்களின் பொன் முகமூடிகளைப் பற்றி எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள். எகிப்தியரின் இறுதிக்கடன் எதன்மேல் நின்றது என்பதை எனக்கு உணர்த்தியது இந்தக் கிண்ணமே. இருப்பவர் நீர் வார்க்க வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். இறந்தவர் அங்கிருந்து குடும்பத்தைக் காக்க வேண்டும். ஒருவர் கை விட்டால் இருவருக்கும் கேடு.

கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கோயில் வழிபாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். விடியற்காலையில் பூசகர் கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைத்துத் திறந்து, தெய்வ உருவைத் தூய்மை செய்து, புது லினன் துணி உடுத்தி, உணவு படைத்து, வெளியேறும்போது தம் காலடித் தடத்தையும் துடைத்துவிட்டு வருவார். படைத்த உணவு பிறகு பூசகர்களுக்குப் பங்காகும். பொதுமக்களுக்கு உள்ளே இடமில்லை.

அவர்கள் வேறு வழி கண்டார்கள். மெம்பிசு நகரில், ப்தா கடவுளின் கோயிலருகே, அவர்கள் காணிக்கையாக வைத்த சிறு கற்பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றில் கடவுளின் காதுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் பல காதுகள் வரிசையாக இருக்கின்றன. கருவறைக்குள் போக முடியாதவர்கள் சொல்ல வேண்டியதை அந்தக் காதுகளிடம் சொன்னார்கள்.

நன்றி, வணக்கம்.