தரையில் விரித்த ஊர்

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘அருங்காட்சியகங்களில் கூட்டு வடிவமைப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு கண்காட்சி யாரைப் பற்றியதோ, அவர்களோடு சேர்ந்தே அதை அமைப்பது என்று அர்த்தம். தலைப்பு கொஞ்சம் கனம்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தரையைப் பற்றிப் பேசுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரம். அங்கே ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயம். உள்ளே போனால் காலை எங்கே வைப்பது என்று யோசிப்பீர்கள். தரையை அடைத்துக்கொண்டு ஒரு பேட்டையின் வரைபடம் கிடக்கிறது. கையால் வரைந்தது. தெருவும் சந்துமாக ஓடுகிற அந்தக் கோடுகளுக்கு நடுவே விதவிதமான கையெழுத்துகள், குடும்பப் பெயர்கள். எங்கள் வீடு இங்கேதான் இருந்தது என்று அங்கே குடியிருந்தவர்களே குனிந்து எழுதியவை. அந்த வீடுகள் ஒன்றும் இப்போது இல்லை.

அந்தப் பேட்டையின் பெயர் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். பல இனத்தாரும் பல மதத்தாரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. 60,000 பேருக்கு மேல் நகருக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளிக்கு விரட்டப்பட்டார்கள். வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. கோயில் இடம் என்று சில தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் மட்டும் தப்பின.

1994 டிசம்பரில் அந்தத் தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தது. முதல் கண்காட்சி அங்கிருந்த தெருக்களைப் பற்றியது. சில வாரம் நடத்தலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் விடவில்லை, அதுவே நிலைத்துவிட்டது.

அதை அமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நான் சொல்வது வேறு காரணத்துக்காக. வரைபடத்தை முடிக்காமல் விட்டார்கள். பக்கத்தில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு எழுதச் சொன்னார்கள். பெயர், பழைய விலாசம், மனதில் பட்டது, எதுவானாலும் சரி. எழுதியதன் மேல் அப்புறம் நூலால் தையல் போடுகிறார்கள். ‘தொடாதே’ என்று பலகை மாட்டியே பழகிய நமக்கு, பேனாவை நீட்டுகிற அருங்காட்சியகம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

நம் பக்கம் மக்களைச் சேர்த்துக்கொள்வதை எப்படிச் செய்கிறோம்? நான் உட்கார்ந்திருந்த ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். டீ, பிஸ்கட், திரையில் வண்ணப் படங்கள். ஒரு பெரியவர் எழுந்து, “அந்த ஏரிக்கு அது பேர் இல்லீங்க” என்றார். மேடையிலிருந்து பதில் வந்தது: “போர்டெல்லாம் அச்சுக்குப் போயிடுச்சு ஐயா.” பெரியவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டக் குறிப்பில் ‘பொதுமக்கள் ஆலோசனை நடைபெற்றது’ என்று ஏறியிருக்கும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து விங் லூக் அருங்காட்சியகம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறது. ஆசிய அமெரிக்கர்களின் வாழ்க்கையைச் சொல்லும் இடம் அது. ஒரு கண்காட்சி என்றால் முதலில் அந்தச் சமூகத்து ஆட்களைக் கொண்டு ஒரு குழு. எதைச் சொல்வது, எதைக் காட்டுவது என்பதை அந்தக் குழு முடிவு செய்யும். அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியர் அதற்குக் கைகொடுப்பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செய்து பார்த்தால் முதுகு ஒடியும். பல மாதம் இழுக்கும், ஒரே தெருக்காரர்கள் இருவர் இரண்டு கதை சொல்வார்கள். படித்துப் பட்டம் வாங்கிய காப்பாட்சியர் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதில் கடினமானதே அதுதான்.

இன்னொரு சிக்கல், யாரைக் கூப்பிடுவது? மறுபடி கேப் டவுனுக்கே வருகிறேன். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் பழைய தெருப் பெயர்ப் பலகைகள், எழுபதுக்கும் மேல், அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லாம் அசல். வீடே மிஞ்சாத இடத்தில் பலகை எப்படி மிஞ்சியது? இடிப்பு வேலையை மேற்பார்வை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் அவற்றை எடுத்துத் தன் வீட்டில் பதுக்கி வைத்திருந்தார். பல வருஷம் யாருக்கும் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தார் அவரைத் தேடிப் போய்ப் பேசினார்கள். முதலில் தயங்கினார், அப்புறம் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். வீட்டை இழந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்வதை எவரும் பாராட்டுவார்கள். இடித்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்களிடம் இருப்பதைத் தாருங்கள் என்று கேட்பது வேறு விஷயம். என் தெருவாக இருந்தால் நான் போயிருப்பேனா? தெரியாது. அவர்கள் போனார்கள். அந்தப் பலகைகள் இப்போது அதே கூடத்தில், வரைபடத்துக்கு மேலே வரிசையாகத் தொங்குகின்றன.