பாட்டிக்கு மாத்திரை, பேரனுக்கு மட்டும் ஏன் ஊசி?

வணக்கம்ங்க. ஒரு அம்மா எழுதிக் கேட்டிருக்காங்க. அவங்க பையனுக்கு 9 வயசு. மூணு மாசத்துக்கு முன்னாடி டைப் 1 சர்க்கரைன்னு சொல்லி இன்சுலின் ஆரம்பிச்சிருக்காங்க. அப்போ ஒரு நாளைக்கு 20 யூனிட் போட்டது, இப்போ 6 யூனிட்டே போதுமானதா இருக்காம். "இவன் பாட்டிக்கு இருபது வருஷமா சுகர், மாத்திரையிலயே ஓடுது. இவனுக்கும் கொறஞ்சுக்கிட்டுதானே வருது, ஊசியை நிறுத்திட்டு மாத்திரைக்கோ நாட்டு மருந்துக்கோ மாறிடலாமேன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க, என்ன செய்யட்டும்"னு கேக்கறாங்க.

நிறுத்தாதீங்கம்மா. முதல்ல அதைச் சொல்லிடறேன், காரணத்துக்கு அப்புறம் வர்றேன். இன்னைக்கு ராத்திரி போட வேண்டிய ஊசியையும் போட்டுடுங்க.

பாட்டிக்கு இருக்கறதுக்கும் பேரனுக்கு வந்திருக்கறதுக்கும் பேர் ஒண்ணு, நோய் வேற. உங்க வீட்டு மாடித் தொட்டியை நினைச்சுக்கோங்க. பாட்டிக்கு மோட்டார் ஓடுது, ஆனா குழாய்ல உப்பு படிஞ்சு அடைச்சிருக்கு. தண்ணி மேல ஏறணும்னா மோட்டார் ரெண்டு மடங்கு உழைக்கணும். வருஷக்கணக்கா அப்படி உழைச்சு, கடைசியில மோட்டாரும் தளர்ந்து போகும். இதுதான் டைப் 2. கணையம் இன்சுலின் சுரக்குது, தசையும் கல்லீரலும் அதுக்கு மசிய மாட்டேங்குது. மெட்ஃபார்மின் அந்த அடைப்பைக் கொஞ்சம் இளக்கிக் குடுக்கும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை மோட்டாரை இன்னும் வேகமா ஓட்டும்.

பையனுக்கு மோட்டாரே போயிடுச்சு. கிருமியோட சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, கணையத்துல இன்சுலின் சுரக்கற பீட்டா செல்களையே எதிரின்னு நினைச்சு அழிச்சிடுது. மோட்டார் இல்லாத இடத்துல சுவிட்சைப் போட்டு என்ன பிரயோஜனம்? அதனாலதான் மாத்திரை இவனுக்கு உதவாது. சரி, இன்சுலினையே மாத்திரையா குடுக்கக் கூடாதான்னா, அது ஒரு புரதம். வயித்துக்குள்ள போனா பருப்பு செரிக்கற மாதிரி செரிச்சுப் போயிடும்.

இன்னொண்ணு. சாக்லேட் தின்னதால இது வரல. மாசமா இருந்தப்ப நீங்க எதையோ சாப்பிட்டதால வரல. வீட்ல யாராவது உங்களைக் குத்தம் சொன்னா, இந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்க.

அப்போ 20 யூனிட் எப்படி 6 ஆச்சு? பல வீட்ல ஏமாந்து போற இடம் இதுதான். நோய் தெரிய வரும்போது கொஞ்சம் பீட்டா செல்கள் மிச்சம் இருக்கும். வெளியிலேர்ந்து இன்சுலின் வந்ததும் அதுங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைச்சு, மறுபடி சுரக்க ஆரம்பிக்கும். நாங்க இதை 'ஹனிமூன் பீரியட்'னு சொல்வோம். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும்கூட இருக்கும். அப்புறம் அந்த மிச்சமும் போயிடும், யூனிட் திரும்ப ஏறும். சரியா இந்த நேரத்துல யாராவது ஒரு சூரணம் குடுத்தாங்கன்னா, யூனிட் கொறஞ்சது அதனாலதான்னு குடும்பமே நம்பிடும். ஊசியை நிறுத்திடுவாங்க.

நிறுத்தினா என்ன ஆகும்? ரத்தத்துல சர்க்கரை கொட்டிக் கிடக்கும், செல்லுக்குள்ள போகாது. உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், அதுலேர்ந்து கீட்டோன்ங்கற அமிலம் ஏறும். வாந்தி, வயித்து வலி, இழுத்து இழுத்து மூச்சு, வாயில அழுகின பழ வாசனை. கவனிக்காம விட்டா நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து. வயித்து வலிதானேன்னு ரெண்டு நாள் வீட்லயே வச்சிருந்து, மயக்கத்துல தூக்கிட்டு வந்த பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். பாட்டி நாலு நாள் மாத்திரை மறந்தா சுகர் ஏறும், திருத்திக்கலாம். பேரனுக்கு அந்த அவகாசம் கிடையாது. காய்ச்சல், வாந்தி, சாப்பிடலைன்னாலும் ஊசியை அடியோட நிறுத்தக் கூடாது. அளவை எப்படி மாத்தறதுன்னு உங்க டாக்டருக்கு உடனே போன் பண்ணிக் கேளுங்க.

இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பிள்ளைங்களைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிச்சாங்க. 1922 ஜனவரியில கனடாவுல டொரன்டோவுல லியோனார்ட் தாம்ப்சன்னு 14 வயசுப் பையன், எலும்பும் தோலுமா சாகற நிலையில இருந்தான். அவனுக்குத்தான் முதல்ல இன்சுலின் போட்டாங்க. அதுக்கப்புறம் 13 வருஷம் இருந்தான். அன்னைக்கு எந்த அம்மாவுக்கும் கிடைக்காதது இன்னைக்கு உங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு. கதவுப் பக்கமே வைங்க, ஃப்ரீசர்ல மட்டும் வைக்காதீங்க, உறைஞ்சா வீணாயிடும்.

சின்னப் பசங்கன்னா டைப் 1, பெரியவங்கன்னா டைப் 2ன்னு வயசை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. சந்தேகம்னா, எதிர்ப்புச் சக்தி பீட்டா செல்களைத் தாக்குதான்னு பாக்கற ஜிஏடி ஆன்டிபாடி, கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்குதுன்னு காட்டற சி-பெப்டைடுன்னு ரத்தப் பரிசோதனை இருக்கு.

கடைசியா, பையன் கிரிக்கெட் விளையாடலாமான்னு கேட்டிருந்தீங்க. பாகிஸ்தான் பவுலர் வாசிம் அக்ரமுக்கு 1997ல, 30 வயசுல, டைப் 1னு தெரிஞ்சது. 1999 உலகக் கோப்பையில இறுதிப் போட்டி வரைக்கும் அணியைக் கொண்டு போன கேப்டன் அவர்தான். உங்க பையனைத் தாராளமா விளையாட விடுங்க. இறங்கறதுக்கு முன்னாடி சுகர் பாக்கணும். பையில குளுக்கோஸ் பாக்கெட் இருக்கணும். 70க்குக் கீழ போனாலோ, கை நடுங்கி வியர்த்தாலோ மூணு ஸ்பூன் வாயில போட்டுட்டு, கால் மணி நேரம் உக்காந்து திரும்பப் பாக்கணும். இதை அவனோட பி.டி. சார்கிட்ட நேர்ல போய் ஒரு தடவை சொல்லிட்டு வந்துடுங்க.