பதத்துக்கு வந்த பாந்தோல்

நேயர்களுக்கு வணக்கம். பழைய சிவப்பு ஒயினைத் திறக்கும் எவருக்கும் மனத்தில் எழும் கேள்வி, அது பதத்தில் இருக்கிறதா, பதம் கடந்துவிட்டதா என்பதுதான். சென்ற மாதம் நான் திறந்த, 2001ஆம் ஆண்டு அறுவடையின் பாந்தோல் சிவப்பு ஒயின் ஒன்றை முன்வைத்து அதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

பாந்தோல் என்பது பிரான்சின் தெற்கே, மர்சேய்க்கும் தூலோனுக்கும் இடையில், மத்தியதரைக் கடலோரம் அமைந்த சிறு துறைமுக ஊர். அதன் பின்னால் எழும் குன்றுகளில், கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில், தாமதமாகப் பழுக்கும் மூர்வேத்ர் என்ற கருந்திராட்சை விளைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்த பின், ஒட்டுக்கட்டக் கடினமானதும் விளைச்சல் குறைந்ததுமான இந்தக் கொடியைப் பலர் கைவிட்டார்கள். லூசியேன் பெய்ரோ முதலிய சில ஒயின் தயாரிப்பாளர்கள் விடாப்பிடியாக அதை மீட்டெடுத்தார்கள். 1941இல் பாந்தோலுக்குத் தனிப்பெயர் உரிமையும், அதாவது அந்தப் பகுதியில் விதிப்படி செய்த ஒயினுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்ட உரிமையும், கிடைத்தது. இன்று அங்கே சிவப்பு ஒயினில் பாதியாவது மூர்வேத்ர் இருக்க வேண்டும், குறைந்தது 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது விதி.

படுக்கவைத்திருந்த பாட்டிலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்தேன். வண்டல் அடியில் இறங்கியதும், பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து, மெல்லிய கறுப்புக் கோடாக வண்டல் எட்டிப் பார்க்கும் வரை வேறு குடுவைக்கு ஊற்றினேன். நடுவில் அடர்சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். முதல் மணம் பலரை அச்சுறுத்தும்: பதனிட்ட தோல், நனைந்த மண், கொஞ்சம் பச்சை இறைச்சி. கெட்டுவிட்டது என்று யாரும் கொட்டிவிட வேண்டாம். மூர்வேத்ர் காற்றுக்கு எளிதில் இடம் கொடுக்காத திராட்சை; இத்தனை ஆண்டுகள் அது தாங்கியதற்கும், திறந்தவுடன் முகம் காட்டாததற்கும் காரணம் அந்த ஒரே இயல்புதான். ஒரு மணி நேரம் கழிந்ததும் உலர்ந்த பிளம் பழமும், அந்தக் குன்றுகளில் தானாக வளரும் தைம், ரோஸ்மேரி செடிகளின் வாசனையும் எழுந்தன.

துவர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளமையில் இந்த ஒயின் பச்சைப் பாக்கைக் கடித்தாற்போல் ஈறுகளைப் பிடித்து இழுக்கும். அந்தத் துவர்ப்புப் பொருள்களும் நிறப்பொருள்களும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, ஒரு பகுதி வண்டலாக இறங்கிவிடுகின்றன. எஞ்சியது நாவில் வழுவழுப்பாகப் படர்ந்து, விழுங்கிய பிறகு மட்டும் லேசாகத் துவர்க்கிறது. பழச்சுவை மங்கியிருந்தாலும் மறையவில்லை. என் தீர்ப்பு இதுதான்: இது நல்ல பதம், இனிமேல் காத்திருந்தால் இழப்பே மிகுதி.

ஆனால் ஆண்டை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. அதே பெட்டியில் வந்த இன்னொரு பாட்டில், இடமில்லாமல் அலமாரியின் உச்சியில் மூன்று கோடைகளைக் கழித்தது. அதன் தக்கை மேலே தள்ளப்பட்டு, ஓரம் பிசுபிசுத்திருந்தது. உள்ளே இருந்தது காய்ச்சிய திராட்சைப் பாகின் வாடை மட்டுமே. நிலவறைக் குளிர்ச்சியில் இருந்தது வாழ்ந்தது, வெப்பத்தில் இருந்தது இறந்தது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

பருகும்போது 16 முதல் 18 டிகிரி வெப்பம் போதும். அதற்கு மேல் போனால் சாராய நெடி முந்திக்கொள்ளும். மிகக் குளிர்ந்தால் துவர்ப்பு முரடாகும். ஆலிவ் சேர்த்து நெடுநேரம் வெந்த ஆட்டிறைச்சி இதற்குப் பொருத்தம்.

மூன்றில் ஒரு பங்கை மூடி வைத்து மறுநாள் மாலை மீண்டும் ஊற்றினேன். இறைச்சி வாடை அறவே போயிருந்தது. தைம் மணம் முன்னைவிடத் தெளிவாக நின்றது. காற்றுக்கு எளிதில் இடம் கொடுத்துவிடும் கிரெனாஷ் என்ற திராட்சையில் செய்த, இதே வயதுள்ள ஒரு ஒயினிடம் இதை நான் எதிர்பார்த்திருக்க மாட்டேன்.