வெளிச்சத்தில் நடக்க வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'உடல்நலம் பேண முதலில் வேண்டியது உடலை ஏற்கும் மனமா, உடலை மாற்றும் வேகமா?' என்பது தலைப்பு. ஏற்கும் மனமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், "எந்த உடம்பும் அழகுதான் என்று சொல்லிச் சொல்லியே சோம்பேறி ஆகிவிடுவோம். 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாடு இது" என்றார். எண்ணிக்கை சரிதான். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 10.1 கோடி என்கிறது. ஆனால், கல்யாண வீட்டு வாசலிலேயே "என்னடி, ஒரு சுற்று பெருத்துட்டே?" என்று கேட்காத அத்தை நம் ஊரில் உண்டா? கேலி செய்தால் உடம்பு தேறும் என்றால், இந்த 10 கோடி எப்படி வந்தது நண்பரே?

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 84 கிலோ இருந்தேன். முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் போனேன். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இவ்வளவு வெயிட்டை வச்சுக்கிட்டா வலிக்கத்தானே செய்யும்?" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் காதிலும் விழுந்தது. அப்புறம் இரண்டு வருடம் எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் நான் போகவில்லை. யார் கண்ணிலும் படாமல் விடியுமுன் இருட்டில் நடந்து பார்த்தேன். நான்காம் நாள் அதையும் விட்டுவிட்டேன்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் என் மாமியாருக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் ஒருநாள், "அக்கா, நீங்களும் கையை நீட்டுங்க" என்றார். பி.பி. பார்க்கும் பட்டை என் கையைச் சுற்றி எட்டவில்லை. எனக்குக் கூசிப்போனது. அவரோ, "பட்டைதான் சின்னதுக்கா. இழுத்துக் கட்டினா அளவு கூடுதலாக் காட்டும். அடுத்த தடவை பெரிசு கொண்டு வரேன்" என்றார். சொன்னபடி கொண்டுவந்தார். அதிலும் 150-க்கு 100. அன்றே போய் மருத்துவரைப் பார்த்தேன். என் உடம்பைக் குற்றம் சொல்லாத ஒரு வார்த்தைதான் என்னை அங்கே அனுப்பியது.

உடலை ஏற்பது என்றால் பரிசோதனையைக் கைவிடுவது இல்லை. என் தம்பி 62 கிலோ. 'கொடுத்துவச்ச உடம்பு' என்று ஊரே சொன்னதால் அவனும் சோதித்துப் பார்க்கவில்லை. 36 வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் வாகு நம்மவர்களுக்கு அதிகம். அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். பார்வைக்கு எப்படி இருக்கிறோம் என்பதை வைத்து நோயைக் கணக்கிட முடியாது.

வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான் அதை விடுவதில்லை. எடை இன்னும் 80-க்குக் கீழே இறங்கவில்லை, பி.பி. மாத்திரையோடு கட்டுக்குள் நிற்கிறது. இந்த மேடைக்கு வருமுன்கூட, வெளிச்சம் இருக்கும்போதே, நாலு பேர் பார்க்கப் பூங்காவை ஐந்து சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்தேன். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.